ஏ வகுப்பும் நாலாம் வகுப்பும்

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மனஸ்தாபத்தை மூட்டிவிடக் கூடிய சாமான்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. பட்டுப் புடவை உண்டு. வெள்ளிப் பாத்திரம் உண்டு. ஊறுகாய் ஜாடி கூட உண்டு. ஆனால் ஆம்ப்ளிபயர் என்ற சாமானும் அந்த ஜாபிதாவில் சேரும் என்று போன மாதம் வரை எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். பரணைச் சுத்தம் செய்தபோது என் மாமனார் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, 1963-ல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம். கல்யாணமான புதிதில் அவர் வாங்கி வந்ததாம். என் மாமியார் அதன் உறையைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு வருஷமாகக் காது சற்று மந்தம். டெலிவிஷன் முன்னால் கூட உட்காருவதில்லை. "நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அன்று இரவே என் கணவர் முடிவு செய்துவிட்டார். தட்டு சுழலும் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தாயிற்று. இனி வேண்டியது ஓர் ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும். மறுநாள் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று அரிசி டின் அளவு இருந்தது. "கிளாஸ் ஏ" என்றார். விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இன்னொன்று டிபன் டப்பா அளவு. "இது கிளாஸ் டி." விலை பதினாலாயிரம்.

"என்ன ஸார் வித்தியாசம்?" என்று கேட்டார் என் கணவர்.

"ஏ-ன்னா முதல் வகுப்பு. டி-ன்னா நாலாவது வகுப்பு. பெரியவங்களுக்கு வாங்கறீங்க. உங்க இஷ்டம்" என்றார் கடைக்காரர்.

தாயாருக்கு வாங்கும் பொருளில் நாலாம் வகுப்பு எது என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? வீட்டுக்கு வந்ததும் என் மாமியாரும், "எனக்கு டெபாசிட் ஒண்ணு முதிரப் போகுதுப்பா. அதிலேருந்து எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். வைத்திய செலவுக்கென்று அவர் தொடாமல் வைத்திருந்த பணம் அது.

"ஒரு வாரம் பொறுத்து வாங்கலாமே, அத்தை" என்றேன் நான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் கரண்டிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மாமியாருக்குச் செலவு செய்ய மருமகளுக்கு மனமில்லை என்று ஆகிவிட்டது! இந்தப் பழியோடு தூங்க முடியுமா? மறுநாள் காலை எங்கள் தெருக்கோடியில் நாற்பது வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்துவரும் பெரியவரிடம் போய் நின்றேன்.

அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அம்மா, இது பழைய ரயில் வண்டி வகுப்பு மாதிரி இல்லே. இட்லிக்கு 'ஏ'ன்னும் தோசைக்கு 'பி'ன்னும் பேர் வெச்சா, தோசை மட்டம்னு ஆயிடுமா? ஏ, பி, டி எல்லாம் மார்க்கு இல்லே. உள்ளே வேலை நடக்கிற விதத்துக்கு வெச்ச பேர்" என்றார்.

பிறகு அவர் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரலாம் அல்லவா?

ஆம்ப்ளிபயர் செய்கிற காரியம் என்ன? இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சொற்பம். ஒரு வோல்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அது ஸ்பீக்கரை அசைக்கக்கூட முடியாது. அந்தச் சின்ன அலையைப் பார்த்து, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொண்டு, அதே உருவத்தில் பெரிய அலையாக வரைந்து கொடுக்கிறது ஆம்ப்ளிபயர். நோட்டுப் புத்தகத்தில் போட்ட கோலத்தை முற்றம் நிறையப் பெரிதாகப் போடுகிறோமே, அதே வேலைதான். ஒரு வளைவும் கோணக் கூடாது. புள்ளி ஒன்றும் தப்பக் கூடாது.

அலை என்றால் மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. இரண்டையும் ஒரே கை கொஞ்சமும் ஓயாமல் வரைந்தால் அது ஏ வகுப்பு. இழை அறுவதே இல்லை, அதனால் கோலம் அழகாக வரும். ஆனால் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காப்பிக்கு யாராவது வருவார்களோ என்று நாள் முழுவதும் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு வைத்திருப்பது போல! உள்ளே போகும் மின்சாரத்தில் அதிகபட்சம் பாதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். சில அமைப்புகளில் கால் பங்குதான். மற்றதெல்லாம் வீண் சூடு. 200 வாட் இழுக்கும் ஒரு பெட்டியைத் தினம் ஐந்து மணி நேரம் வைத்தால் ஒரு யூனிட். மாதத்துக்கு முப்பது யூனிட். பாட்டைச் சின்னதாக வைத்தாலும் இந்தக் கணக்கு குறையாது.

தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? அதில் ஸ்பீக்கரை ஓட்டியது பெரும்பாலும் ஒற்றை வால்வுதான். அது ஏ வகுப்பு. அதனால்தான் பூனை அதன் தலையில் ஏறிச் சுகமாகத் தூங்கும். அதன் சக்தி எவ்வளவு தெரியுமா? மூன்று நாலு வாட். அந்த மூன்று நாலு வாட்டில்தான் இலங்கை வானொலி தெருக்கோடி வரை கேட்டது. இந்தக் கணக்கைச் சற்று ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் உதவும்.

மேல் பாதியை ஒரு கையும், கீழ்ப் பாதியை இன்னொரு கையும் மாற்றி மாற்றி வரைந்தால் அது பி வகுப்பு. ஒரு கை வேலை செய்யும்போது மற்றது ஓய்வெடுக்கும், மின்சாரம் மிச்சம். கணக்குப்படி நூற்றுக்கு எழுபத்தெட்டு வரை கூடப் பயன்படும். கைக்கடக்கமான டிரான்ஸிஸ்டர் ரேடியோவில் பாட்டரி நாளாக வந்தது இந்த முறையால்தான். ஆனால் ஒரு கை விட்டு மறு கை எடுக்கும் இடத்தில் கோலத்தில் சின்ன இடைவெளி விழும். உரக்கப் பாடும்போது அது தெரியாது. மெதுவாகப் பாடும்போதுதான், சின்னக் கோலத்தில் இடைவெளி பெரிதாகத் தெரிவது போல, கரகரவென்று தலைகாட்டும்.

இதற்குக் கண்ட பரிகாரமே ஏ-பி வகுப்பு. முதல் கை எடுக்கும் முன்பே இரண்டாவது கை இழையைத் தொட்டுவிட வேண்டும். குடம் கைமாறும்போது வாங்குகிறவள் பிடித்த பிறகுதானே கொடுக்கிறவள் விடுகிறாள்? அதே யுக்தி. பல வருஷங்களாக வீடுகளுக்கு வந்த ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சி வகுப்பு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது அலையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே வரையும். ரேடியோ நிலையத்திலிருந்து அலை அனுப்பும் கருவிகளுக்கு அது உகந்தது. சங்கீதத்துக்கு ஆகாது.

அடுத்த எழுத்து டி. அதற்கு அடுத்தபடியாகப் பேர் வைத்தார்கள், அவ்வளவுதான். நாலாவது தரமும் இல்லை. பலர் நினைப்பது போல 'டிஜிட்டல்' என்பதன் சுருக்கமும் இல்லை. இதன் தந்திரத்தை நம் இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சொல்லும். பெட்டிக்குள் பாதிச் சூடு என்று ஒன்று கிடையாது. ஒன்று முழுக்க எரியும், அல்லது அணைந்துவிடும். சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்திருக்கிறீர்களே? அதிக நேரம் எரிந்தால் அதிகச் சூடு. குறைந்த நேரம் எரிந்தால் குறைந்த சூடு. டி வகுப்பும் இப்படியேதான். ஆனால் ஒரு வினாடிக்குள் சில லட்சம் தடவை அணைத்து ஏற்றுகிறது. கடைசியில் ஒரு கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் அந்தத் துடிப்புகளை வழவழவென்று அலையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை மின்சாரம் வேலைக்குப் போகிறது. பழைய மின்விசிறி ரெகுலேட்டர் மெதுவாக வைத்தால் சுட்டுத் தொலைக்கும். புதிய ரெகுலேட்டர் குளுகுளுவென்றிருக்கும். அந்த வித்தியாசம்தான்.

இது நேற்று வந்த புதுமையும் அல்ல. 1964-லேயே இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் என்பவர் 'எக்ஸ்-10' என்ற பெயரில் டி வகுப்பு ஆம்ப்ளிபயரைத் துண்டு துண்டாக விற்று, வாங்குகிறவர்களே பூட்டிக்கொள்ளும்படி செய்தார். அந்தக் காலத்து டிரான்ஸிஸ்டர்களுக்கு அத்தனை வேகம் போதவில்லை. அதனால் அது சோபிக்கவில்லை. ஆரம்பத்தில் வந்த கெட்ட பெயர் இன்னும் சிலர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கோ நம் கைபேசி, தட்டை டெலிவிஷன், மேஜைமேல் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் டி வகுப்புதான்.

அப்படியானால் ஏ வகுப்பு வேண்டாமா? நன்றாகச் செய்த ஏ வகுப்பு நன்றாகத்தான் பாடும். நன்றாகச் செய்த டி வகுப்பும் நன்றாகப் பாடும். எழுத்து செய்முறையைச் சொல்கிறது, கைப்பக்குவத்தைச் சொல்வதில்லை. பக்குவத்தைத் தெரிந்துகொள்ளப் பெட்டியோடு வரும் காகிதத்தில் வேறு சில எண்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வாட். 'ஆர். எம். எஸ்.' என்றோ, 'தொடர்ச்சியான சக்தி' என்றோ போட்டிருக்கும் எண்தான் கணக்கு. 1990-களில் கடைகளில் 'பி. எம். பி. ஓ.' என்று போட்டு ஆயிரம் இரண்டாயிரம் வாட் என்று ஒட்டியிருந்தார்களே, அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சுவரிலிருந்து எத்தனை வாட் எடுக்கிறது என்று போட்டிருக்கும். அறுபது வாட் எடுக்கும் பெட்டி ஆயிரம் வாட்டை எங்கிருந்து தொடர்ந்து கொடுக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அமெரிக்காவில் இந்த அட்டகாசம் தாங்காமல் 1974-லேயே சர்க்கார் விதி போட்டார்கள். 2024-ல் அதை இன்னும் இறுக்கி, 8 ஓம் ஸ்பீக்கர் அளவில், வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரை, ஒரு சதவீதத்துக்குக் குறைந்த பிசகோடு கிடைக்கும் வாட்டைத்தான் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள்.

இரண்டாவது, பிசகு. 'டி. எச். டி.' என்று சதவீதத்தில் போட்டிருக்கும். கோலத்தின் கோணல் அது. 0.1 என்றால் உத்தமம், 1 சுமார். 10 சதவீதத்தில் அளந்த வாட் என்றால், மிளகாய்ப் பொடியில் பத்தில் ஒரு பங்கு செங்கல் பொடி கலந்துவிட்டு எடை போடுவது போல. 20 வாட் பெட்டி இந்தக் கணக்கில் 25 வாட்டுக்கு மேல் காட்டும். சத்தம் கூடியிருக்காது, கோணல்தான் கூடியிருக்கும்.

மூன்றாவது, இரைச்சல் கணக்கு. பாட்டுக்கும் உள் இரைச்சலுக்கும் உள்ள தூரத்தை டெசிபெல் என்ற அளவில் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது. 90-க்கு மேல் என்றால் வீட்டுக்குத் தாராளம்.

நாலாவது, ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்று அதன் காகிதத்தில் இருக்கும். 86 போட்ட ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் என்ன சத்தமோ, அதே சத்தம் 89 போட்ட ஸ்பீக்கருக்கு 20 வாட்டிலேயே கிடைக்கும். வாட்டை இரட்டித்தால் கூடுவது மூன்றே டெசிபெல். இரண்டு மடங்கு உரக்க ஒலிப்பதாக நம் காதுக்குத் தோன்றவேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் தேவை! எனவே 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் ஆயிரக் கணக்கில் விலை வித்தியாசம் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். சாதாரணக் கூடத்தில் பாட்டுக் கேட்க ஒரு வாட்டே பெரும்பாலும் போதும். மிருதங்கத்தின் அடி திடீரென்று விழும்போது பத்து மடங்கு வேண்டியிருக்கும். ஆக, உண்மையான 20 வாட் இருந்தால் வீட்டுக்கு யதேஷ்டம். ஸ்பீக்கரின் 4, 6, 8 ஓம் எண்ணை ஆம்ப்ளிபயரின் முதுகில் அனுமதித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டுக் கேட்கிறவர்கள் 'ஃபோனோ' என்ற துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்க நேரும்.

இவ்வளவையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நம் வீட்டில் பழகிய தட்டையே கொண்டுபோவது நல்லது. எண்களுக்குப் பிறகு கடைசித் தீர்ப்புச் சொல்ல வேண்டியது காதுதானே?

சோதனை சுலபம். முதலில் பாட்டு இல்லாமல், சத்தக் குமிழைப் பாட்டுக் கேட்கும் அளவில் வைத்து, ஸ்பீக்கர் அருகில் காதை வைத்தேன். 'ஹும்' என்ற ரீங்காரமோ சீறலோ அதிகம் இருக்கக் கூடாது. அடுத்து, தம்புரா சுருதியையும் வீணையையும் மிகச் சின்னதாக வைத்தேன். கைமாறும் இடத்தின் கரகரப்பு இருந்தால் இங்கேதான் அகப்படும். பிறகு மிருதங்கம் இருக்கும் இடத்தைச் சற்று உரக்க வைத்தேன். அடி மொண்ணையாகி, குரல் தகரம் போல ஆனால் பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். கடைசியாக, அரை மணி கழித்துத் தொட்டுப் பார்த்தேன். ஏ வகுப்புப் பெட்டி நன்றாகச் சுட்டது. அது அதன் சுபாவம். எந்தப் பெட்டியானாலும் சுற்றிலும் காற்றுக்கு இடம் விட வேண்டும். நாம் ஆசையாகப் பின்னிய லேஸ் துணியைத் தயவு செய்து அதன் மேல் போர்த்தாதீர்கள்!

இரண்டு பெட்டிகளும் தேறின. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் கணவர் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படி இருக்கு, அத்தை?" என்றேன்.

அவர் தயங்கினார். "பாட்டு கேக்குதும்மா. ஆனா ரெண்டிலேயும் வார்த்தை ஒண்ணும் புரியலை. உரக்க வெச்சா கூச்சல்தான் ஜாஸ்தியாகுது" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குச் சுரீர் என்றது. ஒரு லட்சம் ரூபாயைக் கொண்டுபோய் எதில் கொட்ட இருந்தோம்? அவருக்குக் காதுக் கருவி ஒன்று ஏற்கெனவே உண்டு. டெலிவிஷன் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். "ஏன் போடலை?" என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவர் உள்ளே எழுந்து போவதை மட்டும் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே காது பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் பொறுமையாக அளந்து பார்த்து, கருவியைத் திருத்தி அமைத்தாள். பேச்சுக்கு ஓர் அமைப்பு, பாட்டுக்கு ஓர் அமைப்பு என்று தனித்தனியாக வைத்துக் கொடுத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா எனக்கு? "இதுக்குள்ளேயும் ஆம்ப்ளிபயர் உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"உண்டு மேடம். இந்தக் காலத்துக் கருவிகள்லே பெரும்பாலும் கிளாஸ் டி-தான். அப்பதான் இத்தனை சின்ன பாட்டரி தாங்கும்" என்றாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். "நாலாம் வகுப்பு காதுக்குள்ளேயே இருக்கு, அத்தை" என்றேன். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கரண்டிச் சத்தத்து ராத்திரி எல்லோருக்கும் மறந்து போயிற்று.

பதினாலாயிரம் ரூபாய்ப் பெட்டியும், சுமாரான ஸ்பீக்கர் இரண்டும் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கின்றன. டெபாசிட் பாஸ்புத்தகத்திலேயே இருக்கிறது. நேற்று விடியற்காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது சுப்ரபாதம் ஆரம்பமாயிற்று. சற்று நேரத்தில் மாமியார் வாசலுக்கு வந்தார்.

"வார்த்தை ஒண்ணொண்ணும் கேக்குதும்மா" என்றார்.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது ஏ வகுப்பா, டி வகுப்பா என்று கேட்டால் எழுத்தைப் பார்க்க வேண்டாம். எண்களைப் பாருங்கள், காதால் கேளுங்கள். அதற்கும் முன்னால், யாருக்காக வாங்குகிறீர்களோ அவருக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்பதை அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.